பென்சில் சீவுகிறவர்

கூராக இருக்கிற பென்சிலையே எடுத்து மறுபடியும் சீவுகிறார். குப்பைக்கூடையைக் கால்களுக்கு நடுவே இழுத்து வைத்துக்கொண்டு, சுருள் அறுந்துவிடாமல், பிளேடை மெதுவாகத் திருப்பித் திருப்பிச் சீவுகிறார். பத்திரிகை ஆசிரியர் அறையில் தொலைபேசி அடித்தால் கை நின்றுவிடும். உள்ளே பேச்சு சாதாரணமாகத்தான் போகிறது என்று உறுதியான பிறகே பிளேடு நகரும். எதிர் மேசையில் உட்கார்ந்து பல வருஷம் ஆகிவிட்டதால், அந்தச் சீவல் சத்தத்தை வைத்தே அன்றைக்கு நிலவரம் எப்படி என்று எனக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் நாளிதழில் அவர் மூத்த துணையாசிரியர். நிருபர்கள் எழுதித் தருவதைத் திருத்தி, தலைப்பு வைத்து, பக்கத்துக்கு அனுப்புகிற வேலை. எல்லாரும் கணினித் திரையிலேயே முடித்துக்கொள்ளும்போது இவர் மட்டும் ஒவ்வொன்றையும் தாளில் எடுத்து வைத்துக்கொண்டுதான் படிப்பார். "திரையில பார்த்தா தப்பு தூங்கிடும் தம்பி. தாள்ல பார்த்தா முழிச்சுக்கும்" என்பார். மூக்கு நுனியில் கண்ணாடி. சட்டைப் பையில் மூன்று பென்சில், ஒரு பேனா. பேனாவை அவர் திறந்து நான் பார்த்தது அபூர்வம்.

அலுவலகத்தில் அவருக்கு வைத்திருக்கிற பெயர் 'கூறப்படுகிறது'. ஒரு மழைக்காலத்தில் ஆற்றுப் பாலம் இடிந்து விழுந்தது. அங்கேயே நின்று பார்த்துவிட்டு, தொப்பலாக நனைந்து வந்த நிருபர், பாலம் இடிந்தது என்று எழுதிக் கொடுத்தார். இவர் அதைப் பாலம் இடிந்ததாகக் கூறப்படுகிறது என்று மாற்றினார். நிருபருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "சார், நான் கண்ணால பார்த்தேன். என் பைக் இன்னும் அந்தக் கரையிலதான் நிக்குது" என்றார். இவர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நீங்க பார்த்தீங்க. பேப்பர் பார்க்கலையே" என்றார். அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. "கூறப்படுகிறது வந்தாச்சா?" என்று வாசலில் கேட்பார்கள். அவர் காதிலும் விழும். கோபித்துக்கொண்டதில்லை.

காலையில் வீட்டு வாசலில் பேப்பர் விழுந்த சத்தம் கேட்டால், பல்கூட விளக்காமல் கதவைத் திறந்து, நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை விரலை ஓட்டிவிடுவாராம். அதற்கப்புறம்தான் டீ. மற்றவர்கள் என்ன செய்தி வந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். இவர் ஏதாவது செய்தி வந்துவிட்டதா என்று பார்க்கிறார். ஒன்றும் இல்லை என்றால், "இன்னைக்கு சுத்தமா இருக்கு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போவார்.

பிறக்கும்போதே யாரும் இப்படிப் பிறப்பதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் கை வேறு மாதிரி இருந்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு செய்தியை யார் பார்த்து அனுப்புகிறாரோ அவர் தாளின் மூலையில் தன் பெயரின் முதல் இரண்டு எழுத்தைப் போட வேண்டும். வெட்டிய வரி மறுபடி வேண்டும் என்று தோன்றினால், வெட்டின கோட்டை அழிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் புள்ளி வைத்தால் போதும். இது இருக்கட்டும் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் அவர் மூலையில் போடுகிற இரண்டு எழுத்தும் கட்டைவிரல் பெரிசுக்கு இருக்கும். புள்ளி வைக்கிறவர்களை மட்டும் அவருக்குப் பிடிக்காது. "வெட்டுறதுக்கு முன்னாடி யோசிக்கணும். வெட்டினா வெட்டினதுதான்" என்பார்.

அப்போது எங்களிடம் ஒரு நிருபர் இருந்தார். ஆள் உயரம், எல்லாரும் நெட்டையன் என்றே கூப்பிடுவோம். விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போன ஒருவர் பிணமாக வீடு வந்ததைப் பற்றி எழுதினார். யார் அடித்தார்கள், யார் பார்த்தார்கள், எல்லாம் இருந்தது. நம்மவர் ஒரு சொல்லைக்கூடத் தொடாமல், மூலையில் இரண்டு எழுத்தைப் போட்டு அனுப்பினார். செய்தி வெளிவந்த சில நாளில் ஆட்கள் வந்தார்கள். மேசை இழுப்பறையிலிருந்த தாள்களை அள்ளிக்கொண்டார்கள். நெட்டையனையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

இவரையும் ஒரு நாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஒரு தாழ்வாரத்தில் பெஞ்சில் சாயந்தரம்வரை உட்கார வைத்துவிட்டு, கடைசியில் அந்தத் தாளைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்களாம். வெகு நாள் கழித்து, படியில் இறங்கும்போது, நான் கேட்காமலே அவராகச் சொன்னார்:

"இது யார் கையெழுத்துன்னாங்க. என்னுதுதான்னேன். ஆனா நான் எழுத்துப்பிழை மட்டும்தான் பார்த்தேன்னு சொன்னேன். போகலாம்னுட்டாங்க."

நெட்டையன் திரும்பி வர வெகு காலம் ஆயிற்று. வந்தவர் நடை மாறியிருந்தது. பத்திரிகைப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு நகல் கடை வைத்திருக்கிறார். நம்மவர் அந்தத் தெருவில் போவதில்லை. மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு, குண்டும் குழியுமான பாதையில் வந்து, பஸ்ஸைத் தவறவிட்டுத் தாமதமாக வேலைக்கு வருவார். மூலையில் போடுகிற எழுத்தும் அன்றோடு போயிற்று. இப்போது யார் வேண்டுமானாலும் போட்டிருக்கக்கூடிய ஒரு சின்னப் பென்சில் கீறல்தான். 'கூறப்படுகிறது' வந்ததும் அதற்குப் பிறகுதான். அவர் வெட்டுவதால் நாங்கள் எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேருகிறோம். அவரைக் கிண்டல் செய்துகொண்டே போய்ச் சேருகிறோம். எனக்கு இது கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வீடு போய்ச் சேர எனக்கும் பிடித்திருக்கிறது.

ஒரே மகள். பள்ளிப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம். உருவம் அம்மா மாதிரி. கண்ணாடியும் வாய் திறக்காத குணமும் அப்பா. போன மாதம் அவர் ஒரு பென்டிரைவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்தார். "பாப்பாவுக்கு இங்கிலீஷ் பாடத்துக்கு ஒரு சினிமா குடுத்திருக்காங்களாம். நாங்கல்லாம் சினிமா பார்த்ததுக்கு அடி வாங்கினோம். இதுங்களுக்கு மார்க்கு" என்றார். படத்தில் வரும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய பயம் என்ன, அதைப் படம் எப்படிக் காட்டுகிறது என்று எழுத வேண்டும். கடைசிப் பத்தியில், அப்படிப்பட்ட பயத்தை உன்னைச் சுற்றிப் பார்த்திருக்கிறாயா என்பதையும் எழுத வேண்டும். எழுதியதைப் பெற்றோர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நல்ல பிரதி எழுதிக் கொடுக்க வேண்டும். மகளுக்கு உதவ வேண்டுமே என்று இவர் படத்தைப் பார்க்கத் துணிந்தார். துணைக்கு என்னையும் சேர்த்துக்கொண்டார்.

வேலை சூடு பிடிக்காத மத்தியான நேரத்தில், ஒரே இயர்போன் ஒயரை ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு பார்த்தோம். பழைய கறுப்பு வெள்ளைப் படம். எங்கோ ஒரு சின்ன ஊர், அதில் ஒரு சின்னப் பத்திரிகை. உங்கள் பக்கத்து வீட்டிலேயே துரோகி இருக்கிறான் என்று ஒரு தலைவர் தினமும் வானொலியில் பேசுகிறார். ஜனங்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கிறார்கள். பொய்ப் புகாரில் வேலை போன ஒரு வாத்தியாரைப் பற்றி நிருபர் எழுதுகிறார். தொப்பி போட்ட இரண்டு பேர் மாடியேறி வந்து அவரைக் கூட்டிப் போகிறார்கள். நம்மவர் படத்தைப் பத்திரிகைக்காரராகவே பார்த்தார். இவ்வளவு பெரிய அலுவலகத்தில் ஒருத்தன்கூட டீ குடிக்கவில்லையே என்று குறைப்பட்டார். படத்துப் பேப்பரில் வந்த தலைப்பு அந்த அகலத்துக்குள் அடங்காது என்று கணக்குச் சொன்னார். தொப்பிக்காரர்கள் படியேறும்போது காதிலிருந்து ஒயரைக் கழற்றி, சரியாகக் கேட்கவில்லை என்று ஊதித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் இறங்கிப் போனதும் மாட்டிக்கொண்டார்.

படம் முடிந்ததும், "நம்ம ஊர்ல இப்படி ஒரு படம் எடுக்க முடியுமா தம்பி?" என்று கேட்டார். எடுத்தால் நீங்களே வெட்டிவிடுவீர்கள் என்றேன். சிரித்தார்.

போன வாரம் மகள் எழுதியதைக் கொண்டுவந்தார். கோடு போட்ட தாளில் மூன்று பக்கம், ஆங்கிலத்தில், பொடிப்பொடி எழுத்து. மாலைக் கூட்டம் தொடங்க நேரமிருந்தது. நிருபரைப் பற்றித்தான் எழுதியிருப்பாள் என்ற நினைப்பில் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பக்கம் தாண்டியதும் பென்சில் நின்றுவிட்டது. முழுவதும் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு தாள்களை என் பக்கம் தள்ளினார்.

அவள் நிருபரைப் பற்றி எழுதவில்லை. தலைவரைப் பற்றியும் இல்லை. அந்தப் பத்திரிகை அலுவலகத்தின் பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தாள். அவருக்குப் பெயர் கிடையாது, வசனம் கிடையாது. நிருபரைப் படியில் இறக்கிக் கூட்டிப் போகும்போது எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். அவர் மட்டும் தலை குனிந்து, கூராக இருக்கிற பென்சிலையே சீவிக்கொண்டிருக்கிறார். அதே படத்தை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். அப்படி ஒரு ஆள் இருந்தது எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை.

அவள் எழுதியிருந்ததை என்னால் முடிந்த அளவு தமிழில் தருகிறேன். 'இவர் கெட்டவர் இல்லை. படம் இவருடைய வீட்டைக் காட்டவில்லை. இவருக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று நினைக்கிறேன். அன்று அலுவலகத்தில் நடந்ததை இவர் வீட்டில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்கும்.'

கடைசிப் பத்தியில் எங்கள் ஊர் வந்துவிட்டது. 'பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு நகல் கடை இருக்கிறது. அதன் சொந்தக்காரர் முன்பு நிருபராக இருந்தார். விசாரணையில் ஒருவரை அடித்துக் கொன்றதை எழுதினார். அது உண்மை. அதற்காக அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் பாடக் குறிப்புகளை அங்கேதான் நகல் எடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர், அப்பா நல்லா இருக்காரா என்று கேட்கிறார். இதை நான் வீட்டில் சொன்னதில்லை. சொன்னால் அந்தக் கடைக்குப் போகாதே என்பார்கள்.'

படித்து முடித்து நான் நிமிர்ந்தபோது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுத்துப்பிழை மட்டும் பார்த்தா போதும்ப்பான்னு சொல்லித்தான் பாப்பா குடுத்தா தம்பி" என்றார். தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி அழைத்தார். அவருடைய பழைய கைபேசியில் எதிர்முனைப் பேச்சு பக்கத்து மேசைவரைக்கும் கேட்கும். அந்த அம்மாள் எழுதியதை மகளிடம் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார், கதிகலங்கிப் போயிருந்தார். "என்னங்க, அந்தக் கடைசிப் பத்தியை எடுத்துடுங்க. அவ கிளாஸ்ல யார் யார் பிள்ளைங்க படிக்குதுன்னு நமக்கென்ன தெரியும்? உங்களைப் பெஞ்சில உட்கார வச்ச மாதிரி அவளை உட்கார வச்சா என்ன பண்ணுவீங்க?" என்றார். நியாயமான பயம். இவர் "பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

முதலில் எழுத்துப்பிழைகளைத் திருத்தினார். அதிகம் இல்லை. பிறகு அளவுகோலை எடுத்து, கடைசிப் பத்தியின் மேல் வரி வரியாகக் கோடு போட்டார். நகல் கடை போயிற்று, உண்மை போயிற்று, அப்பா நல்லா இருக்காரா போயிற்று. நான் தடுக்கவில்லை. என் பிள்ளையாக இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். கோடு வழக்கம்போல வெகு நேர்த்தி.

ஆசிரியர் அறையில் தொலைபேசி அடித்தது. வரிசையாக எல்லாத் தலைகளும் குனிந்தன, என்னுடையதும்தான். யாரும் எடுக்காததால் அது அடித்துக்கொண்டே இருந்தது. எதிர் மேசையிலும் கை நின்றிருக்கும் என்று நினைத்தேன். தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தேன்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்திருந்தார். மகளின் தாளில், வெட்டின பத்தியின் முதல் சொல்லுக்கு அடியில் ஒரு புள்ளி வைத்தார். அடுத்த சொல்லுக்கு அடியில் இன்னொன்று. புள்ளிகள் மேலும் கீழுமாக விழுந்தன. சில இடத்தில் மை தெறித்தது. சொல் சொல்லாக, வரி வரியாக, கடைசிச் சொல்வரைக்கும் வைத்தார். பிறகு, தொலைபேசி அடித்துக்கொண்டிருக்கும்போதே, தாளைத் திருப்பி மூலையைத் தன் பக்கம் கொண்டுவந்து, கட்டைவிரல் பெரிசுக்குத் தன் இரண்டு எழுத்தைப் போட்டார்.