சூளை வாயில் பாடிய பாட்டு

சூளையின் வாயைச் செங்கல் வைத்து அடைத்து, இடுக்குகளில் குழைத்த மண்ணை அப்பும்போது ஒரு மணம் வரும். முதல் மழைக்கு எழும் மணம் போலத்தான் இருக்கும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று விருத்தாசலத்தில் எனக்குச் சொந்தமாக இரண்டு பீங்கான் தொழிற்சாலைகள் ஓடுகின்றன, யார் தயவும் இல்லாமல் நானே எழுப்பியவை, இதை எந்தக் கல்யாண வீட்டிலும் சொல்லத் தயங்கியதில்லை. கூடவே ஒரு கதையும் சொல்வேன். சினிமாப் பாட்டால் தங்கச்சியின் உயிரைக் காப்பாற்றிய கதை.

எனக்குப் பத்து வயது, தங்கச்சி வள்ளிக்கு ஆறு. ஊருக்கு வெளியே இருந்த சினிமாக் "கொட்டாயில்" ஒரு குடும்பப் படம் வந்தது. தாயில்லாத ஐந்து பிள்ளைகள், அவர்களை வளர்க்க வரும் அத்தை, பேசுவதைவிடப் பாடுவதுதான் அதிகம். அதில் ஒரு கண்ணாமூச்சிப் பாட்டு; கடைக்குட்டிப் பெண் நெல் குதிருக்குள் ஒளிந்துகொள்ள, அத்தை வீடெல்லாம் பாடித் தேடுவாள். அந்தப் பாட்டை நாங்கள் இருவரும் தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு திரிந்தோம்.

அப்பா பீங்கான் சூளையில் சரக்கு அடுக்குகிறவர். அந்தக் காலத்துச் சூளை ஓர் அறை அளவு இருக்கும். கப்பு, சாஸர், பொம்மைகளை மண்பெட்டிகளில் வைத்துக் கூரைவரை அடுக்கி, வாசலைச் செங்கல்லால் அடைத்த பிறகுதான் தீ வைப்பார்கள். அடைக்கிற வேலை காதர் பாயுடையது. கடைசிக் கல்லை வைக்கும் முன் அந்த ஓட்டையில் வாயை வைத்து, "உள்ள யாரு?" என்று மூன்று முறை கேட்பார்.

"ஏன் பாய், உள்ள இருக்கிற பொம்மையா பதில் சொல்லப் போவுது?" என்று அப்பா கிண்டல் செய்வார்.

"கேக்கறது என் வேல. பதில் வந்தா அப்பறம் ஒன் வேல" என்பார் பாய்.

ஒருநாள் நண்பகல் அப்பாவுக்குச் சோற்றுத் தூக்கோடு நாங்கள் சூளைக்குப் போயிருந்தோம். பெரியவர்கள் கை கழுவப் போன நேரத்தில், அடுக்குகளுக்குப் பின்னால் சுவரோரச் சந்தில் வள்ளியை ஒளிய வைத்தேன். வெளியே ஐஸ் வண்டியின் மணி கேட்டது. வண்டியின் பின்னாலேயே ரயில்வே கேட்வரை போய், அங்கே ரயிலையும் வேடிக்கை பார்த்துவிட்டு நான் திரும்பியபோது, வாசலில் ஒரு கல் அளவு ஓட்டைதான் பாக்கி இருந்தது.

காதர் பாய் குனிந்து கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார். உள்ளே ஓர் அசைவு இல்லை. பாய் மண் பூசிய கல்லைக் கையில் எடுத்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வாய் வரவில்லை, அந்தப் பாட்டைப் பாடத்தான் வந்தது.

"பாருங்க பாய், தொரைக்கு இப்பத்தான் பாட்டு வருது" என்று சிரித்த அப்பா, பாதியில் நிறுத்தினார். ஓட்டைக்குள்ளிருந்து, மெல்லிசாக, அடுத்த வரி வந்தது.

பாய் உதைத்தே சுவரைச் சரித்தார். முகமெல்லாம் புழுதியோடு வள்ளி வந்தாள். படத்தில் அத்தை மூன்று முறை கூப்பிட்டும் அந்தப் பெண் பதில் சொல்லாது, அதைப் பார்த்துத்தான் இதுவும் பேசாமல் இருந்தது என்று நான் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். அம்மா சாகும்வரை அந்தப் படத்தைச் சபித்தாள், கொட்டாய்ப் பக்கமே போகவில்லை. என்னைப் புத்திசாலி என்றார்கள். சொல்லிச் சொல்லி நானும் நம்பிவிட்டேன்.

போன மாதம் மருமகன் எங்கோ தேடி அந்தப் படத்தின் டிவிடியை வாங்கிவந்தார். ஸ்ரீமுஷ்ணத்தில் வாழ்க்கைப்பட்ட வள்ளியை வரவழைத்தேன். பேரப்பிள்ளைகளுக்கு என் சாமர்த்தியத்தைக் காட்ட வேண்டாமா? பாட்டு வந்தது, குதிர் வந்தது, அத்தை ஒரே ஒரு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தச் சிறுமி சிரித்தபடி உடனே தலையை நீட்டிவிட்டாள்.

"மூணு தடவ கூப்புடவே இல்லியே தாத்தா" என்றான் பேரன்.

ரிமோட்டை வாங்கித் திரும்ப ஓட்டினேன். மறுபடியும் உடனே நீட்டினாள்.

வள்ளி டிவியைப் பார்த்தபடியே சொன்னாள்: "பாய் கூப்ட்டது மூணு தடவையும் கேட்டுதுண்ணே. 'நான் பாடற வரைக்கும் யாரு கூப்ட்டாலும் வாயத் தொறக்காத, தொறந்தா ஆட்டத்துல சேக்கமாட்டன்'னு நீதான சொன்ன."

"இத்தன வருசமா ஏம்மா சொல்லல?"

"நீ அவ்ளோ பெருமையா சொல்லிக்கிட்டு இருந்த."

காதர் பாய் இன்று இல்லை, அவர் அடைத்த சூளைகளும் இல்லை. என்னிடம் இருப்பது கேஸ் சூளை. இரும்புக் கதவு, ஒரு தள்ளில் மூடிக்கொள்கிறது. மூடுமுன் யாரும் உள்ளே குரல் கொடுப்பதில்லை, இத்தனை வருடம் முதலாளியாக இருந்தும் நான் கொடுக்கச் சொன்னதில்லை. மறுநாள் காலையில் போய்க் கதவருகே குனிந்து, "உள்ள யாரு?" என்று கேட்டேன்.

"யாரு மொதலாளி இருக்கப் போறாங்க? மூடிடட்டுமா?" என்றார் சூளை பார்க்கும் செல்வம்.

மூன்று முறை கேட்டேன். பதில் வரவில்லை. வள்ளி உள்ளே இருந்த அன்றும் வரவில்லை. மூடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.