பாலத்துக்கு மேற்கே

ஓடைப் பாலத்தில் மொபெட்டை நிறுத்தி, இறங்காமலே ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. "பாலத்துக்கு மேற்க எங்க சங்கம், கெழக்க ஒங்க சங்கம். இதுல மட்டும் நமக்குள்ள கொழப்பம் வந்துறக் கூடாது, தலைவரம்மா." அவர் மேலக்கண்மாய்ப் பாசன சங்கத்தின் தலைவர். கீழக்கண்மாய்ச் சங்கத்துக்கு நான் அந்த வாரம்தான் தலைவியாகியிருந்தேன். மேலக்கண்மாய் பெருகினால் மிச்சத் தண்ணீர் மறுகால் வழியே ஓடையில் இறங்கி எங்கள் கண்மாய்க்கு வரும். பாலம்வரை ஓடையை அவர்களும், அதற்குக் கீழே நாங்களும் பார்த்துக்கொள்ள வேண்டும். திருச்சுழிப் பக்கம் பல வருடங்களில் அந்த ஓடையில் கருவேல முள்ளைத் தவிர வேறெதுவும் இருக்காது. ஆனாலும் சண்டைக்குக் குறைவில்லை.

என் கணவர் இறந்த பிறகு நிலம் என் பேருக்கு வந்தது. அதோடு சங்கத்தில் ஓட்டும் வந்தது. ஊரில் இரண்டு வகையறாக்கள் விட்டுக்கொடுக்காமல் முறைத்துக்கொண்டு நின்றபோது, யாருக்கும் ஆகாதவள் அல்ல என்ற ஒரே தகுதியில் என்னைத் தலைவியாக்கினார்கள். மேலக்கண்மாய்த் தலைவருக்கு அப்போதே அறுபது தாண்டியிருந்தது. பொம்பளைதானே என்று அவர் என்னை ஒருநாளும் ஒதுக்கியதில்லை, சலுகை காட்டியதும் இல்லை. கரை மண்ணை அள்ளியது யார், வெட்டிய முள்ளை யார் பக்கம் போடுவது என்று ஒவ்வொன்றுக்கும் சரிக்குச் சரி நின்று வாதாடுவார். எல்லோரும் என்னைப் பாவம் என்று பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், என்னோடு சண்டை போட்ட ஒரே மனிதர் அவர்தான்.

ஒரு வருடம் ஓடையைத் தூர்வார அரசாங்கத்தில் பணம் ஒதுக்கினார்கள். பாதி ஓடைக்குத்தான் காணும். எந்தப் பாதி என்று இரண்டு சங்கமும் சேர்ந்து முடிவு சொல்லாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும் என்றார் அதிகாரி. ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொண்டு அங்கங்கே சுரண்டினால் முதல் மழையிலேயே எல்லாம் அடைத்துக்கொள்ளும் என்பது இருவருக்கும் தெரியும். மேற்கே அடைத்தால் அவர்கள் ஊர் மானாவாரிக் காடுகளில் தண்ணீர் ஏறும். முதலில் ஏறுவது ஓடையை ஒட்டிக் கிடந்த அவருடைய கொத்தமல்லிக் காட்டில்தான். கிழக்கே அடைத்தால் எங்கள் ஊர்க் கிழக்குத் தெருவுக்குள் ஏறும். பாலத்தில் நின்று பேசிப் பேசி அலுத்துப்போய், கடைசியில் அவரே, "ஒங்க பக்கத்த ஒருக்க நடந்து பாத்துருவோம்" என்றார்.

கிழக்குத் தெரு ஒரு காலத்தில் எங்கள் காடுகளில் கூலிக்கு வந்தவர்களின் தெரு. இப்போது பாதிப்பேர் அருப்புக்கோட்டை மில்லுக்குப் போகிறார்கள். ஓடைக்கு முதுகு காட்டி நின்ற ஒரு வீட்டின் சுவரில், முந்தைய வெள்ளத்தின் கறை நெஞ்சளவுக்கு இருந்தது. அவர் அந்தக் கறையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரப் பெண் வெளியே வந்தாள்.

"தண்ணி வந்தப்ப எங்க போனீக?"

"பள்ளிக்கூடத்து மாடிக்குய்யா. புள்ளையவும் ஆட்டுக்குட்டியவும் தூக்கிட்டு ஓடுனோம். வேற எதுவும் எடுக்க ஏலல."

பாலத்துக்குத் திரும்பினோம். மொபெட்டை எடுக்கும்போதுதான், "ஒங்க பக்கமே வெட்டிருவோம்" என்றார். நான் வாதாடத் தயாராக வந்திருந்தேன். அவர் ஊர்க் கூட்டத்தில் வாய்க்கு வந்தபடி ஏசினார்களாம். "மல்லி போனா மறுவருசம் வெதைச்சுக்கிறலாம்ப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாராம்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. மேலக்கண்மாய் மறுகால் பாய்ந்தது. கிழக்குத் தெருவுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் நுழையவில்லை. வெட்டிய ஓடை அத்தனையையும் வாங்கிக் கண்மாயில் சேர்த்தது. பாலத்துக்கு மேற்கேதான் தண்ணீர் முள்ளில் மோதித் திரும்பிக் காடுகளில் பரவியது. நான் கிழக்குத் தெருவுக்குப் போய்ச் சொன்னேன். இரவு ஷிப்ட் முடிந்து அப்போதுதான் படுத்தவர்கள்கூட எழுந்து அரிவாளும் மண்வெட்டியுமாக வந்தார்கள். கறைபடிந்த வீட்டுப் பெண் எல்லோருக்கும் முன்னால் நடந்தாள். அவர் ஊர்க்காரர்கள் கோபத்தில் ஒதுங்கியிருக்க, அவர் மட்டும் முழங்கால் தண்ணீரில் நின்று முள் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லை தாண்டி வந்துட்டீக, தலைவரம்மா."

"அப்பறமா அளந்து பாத்துச் சொல்லுங்க" என்றபடி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் போக ஒரு வழி பிறந்தது. அவர் மல்லி பிழைக்கவில்லை. மேலே இருந்த மற்றவர்கள் காடுகள் பிழைத்தன. முறைத்துக்கொண்டிருந்த அவர் ஊர்க்காரர்களும் கொஞ்சம் கொஞ்சமாக அவரிடம் பேச ஆரம்பித்தார்கள்.

அதற்குப் பிறகும் நாங்கள் சண்டை போடாமல் இல்லை. ஆனால் சண்டை முடிந்ததும் உடனே கிளம்பமாட்டோம். அவர் பையிலிருந்து சேவுப் பொட்டலம் வெளியே வரும். அவர் மனைவியின் மூட்டுவலி, என் சர்க்கரை, மகன்கள் போன் பண்ணாத வாரங்கள் என்று பேச்சு எங்கெங்கோ போகும். அந்த அம்மா இறந்த பிறகு மகன் அவரைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப்போனான். கிளம்பும் நாளில் காரைப் பாலத்தில் நிறுத்தச் சொல்லி எனக்குப் போன் பண்ணினார். நான் போனேன். மகன் பக்கத்திலேயே நின்றதால், கடைசிவரை ஓடையைப் பற்றியே பேசினோம்.

இப்போது ஓடை முழுக்க வெட்டியாகிவிட்டது. இருபுறமும் கான்கிரீட் சுவர். மேலக்கண்மாய்ச் சங்கத்துக்கு வந்திருக்கும் இளைஞர் தங்கமானவர். எதுவானாலும் போனில் படம் எடுத்து அனுப்பிவிடுவார், நானும் சரி என்று பதில் போட்டுவிடுவேன். சண்டைக்கு ஒன்றுமில்லை. பாலத்துக்குப் போகவும் வேலையில்லை. நாங்கள் அத்தனை வருடம் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அதை நினைத்தால் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும்.

போன வாரம் மேலக்கண்மாய் பெருகியதும் அவருக்குப் போன் பண்ணினேன். எத்தனை மணிக்கு மறுகால் விழுந்தது, தண்ணீர் என்ன நிறம் என்று எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு அவரே சொன்னார்.

"இங்கயும் மழைதான், தலைவரம்மா. வாசல்ல ஓடி ஒரு ஓட்டைக்குள்ள எறங்கிருது. அங்கிட்டு எங்க போகுதுன்னு தெரியல. யார்ட்டக் கேக்குறதுன்னும் தெரியல."

வீட்டுக்குள்ளிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "வாரேன்" என்றார். அது அவர்களுக்குச் சொன்னதா, எனக்குச் சொன்னதா என்று கேட்பதற்குள் போன் கட்டாகிவிட்டது.