மாப்பிள்ளைக்குக் குடை

வண்டியை நிறுத்தியதும் செல்லதுரை முதலில் குடையைத்தான் விரிப்பார். தனக்கில்லை, பின்னால் கட்டியிருக்கும் நீலப் பெட்டிக்கு. கம்பியைக் கேரியரில் செருகி, நிழல் சரியாக விழுகிறதா என்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்த பிறகே ஹெல்மெட்டைக் கழற்றுவார். கேட்டால், "மாப்ளைய வெயில்ல நிக்க வைக்கலாமாங்க?" என்பார்.

மாப்பிள்ளை என்பது இன்சுலின். பெரம்பலூரில் எடுத்து, அரியலூர்ப் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகக் கொடுப்பது அவர் வேலை. தினம் நூற்றைம்பது கிலோமீட்டர். சிமெண்ட் லாரிப் புழுதியில் பத்து மணிக்கே புருவம் நரைத்துவிடும். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நின்றால் கம்பெனியிலிருந்து போன் வரும். "ஒண்ணுக்குப் போனாக்கூட அவங்களுக்குத் தெரிஞ்சுடுதுங்க" என்று சிரிக்கிறார். எனக்கென்னவோ சிரிப்பு வரவில்லை. பெட்டிக்குள் சூடு பார்க்க மீட்டர் வைத்தவர்களுக்கு, வண்டி ஓட்டுகிறவரின் சூட்டைக் கேட்கத் தோன்றவில்லை.

மீட்டர் எட்டு டிகிரியைத் தாண்டினால் மருந்தைக் கொடுக்கக் கூடாது, திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும். அதுதான் கம்பெனிச் சட்டம்.

போன சித்திரையில் ஒருநாள், விக்கிரமங்கலம் போகிற வழியில் டிப்பர் ஒன்று குறுக்கே கவிழ்ந்து ரோடெல்லாம் ஜல்லி. லாரிகள் வரிசை கட்டி நின்றன. பைக் நுழைய வழியில்லை. பெட்டியில் இருந்தது அன்றைக்குக் கடைசி மருந்து, மீட்டர் ஆறைக் காட்டியது. அந்த ஊரில் பத்தாவது படிக்கும் ஆர்த்திக்குக் காலையோடு மருந்து தீர்ந்திருந்தது. அவள் அம்மா அனுசுயா மூன்றாம் முறையாகப் போன் செய்தாள்.

"ராத்திரி ஊசிக்கு மருந்து இல்லண்ணே. வந்துடுவீங்கள்ல?"

"வந்துகிட்டே இருக்கேன் தாயி."

பக்கத்து டீக்கடைக்காரர் ஐஸ்கட்டி தருவதாகச் சொன்னார். "வேணாங்க, உறைஞ்சிட்டா மருந்து செத்துடும்" என்று மறுத்துவிட்டு, பைக்கை அவரிடமே ஒப்படைத்தார் செல்லதுரை. பெட்டியைத் தோளில் ஏற்றினார். குடையோ சின்னக் குடை, இரண்டு பேருக்குப் போதாது. பெட்டிக்குப் பிடித்தார். லாரிகளை ஒட்டி இரண்டு கிலோமீட்டர் நடை. "அண்ணே, தலைக்குப் புடிங்கண்ணே!" என்று டிரைவர்கள் கத்தினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. பாதி வழியில் கம்பெனிப் போன் அடித்தது. அதையும் எடுக்கவில்லை, எடுக்கக் கை ஏது? அடைப்பைத் தாண்டி டவுன் பஸ் பிடித்தார். இப்படி ஒரு மனிதர் நம் பக்கத்து ரோட்டில் நடந்து போகிறார் என்பதே எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அனுசுயா வீட்டு வாசலில் பெட்டியைத் திறந்தபோது மீட்டரில் ஏழரை.

"ஏழரை நமக்கு நல்லதும் செய்யும் பாத்தியா தாயி!" என்றார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மருந்தை வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மோர் கொண்டுவந்தாள். நின்றபடியே மூன்று டம்ளர் குடித்தார்.

காலிப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, குடையை விரித்து அதற்கு மேல் பிடித்தபடி வெயிலில் இறங்கினார். ஆர்த்தி வாசலுக்கு ஓடி வந்தாள்.

"மாமா, பெட்டி காலி! குடைய நீங்க புடிங்க!"

"அட, ஆமால்ல!" என்று குடையைத் தன் தலைக்கு மாற்றினார். பத்தடி நடந்திருப்பார். தெரு முனையில் திரும்பும்போது குடை மறுபடியும் பெட்டிப் பக்கம் சாய்ந்திருந்தது.