ஆடாமலே வந்த பரிசு

எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் நான்கு வருடமாக என் மகளுக்குப் பரிசு. ஒரு போட்டியிலாவது அவள் ஆடியிருந்தால்தானே! சக்கர நாற்காலியோடு மேடையில் ஏற்றி, கையில் ஒரு டிபன் பாக்ஸ் கொடுப்பார்கள். கூட்டம் கைதட்டும். நானும் பல்லை இளித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றிருக்கிறேன். நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இந்த வருடம் அவளே கேரம் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். தாபோடியில் எங்கள் வீட்டில் அவளிடம் நாங்கள் எல்லோரும் தோற்போம், பாதி வேண்டுமென்றே. பிம்ப்ரியில் விழா நடக்கும் மண்டபத்துக்குப் போனால், அவள் பரிசு வாங்க மேடைக்குப் புதிதாகச் சரிவுப் பலகை போட்டிருக்கிறார்கள். கேரம் போர்டோ மாடியில். லிஃப்ட் கிடையாது.

“பாப்பாவுக்கு எதுக்குங்க சிரமம்? ஸ்பெஷல் ப்ரைஸ்தான் வெச்சிருக்கோமுல்ல” என்றார் செயலாளர்.

“போர்டைக் கீழ எறக்குங்க” என்றேன்.

“கீழ இடமில்லீங்க. வேணும்னா நாலு பேரு பாப்பாவத் தூக்கிட்டுப் போயிரலாம்.”

“தூக்க வேணாம்மா. நான் என்ன சாமானா?” என்றாள் மகள்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். “பதினஞ்சு வயசுப் புள்ளய மூட்டையாட்டம் தூக்குவீங்க, ஒரு கேரம் போர்டத் தூக்க மாட்டீங்களா? வெக்கமா இல்லீங்களா?” என்று கத்திவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடியேறினேன். காய்களை வழித்துப் பையில் போட்டேன். ஆடிக்கொண்டிருந்தவர்கள் முனகினார்கள். முனகட்டும்! போர்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பாதிப் படியில் இரண்டு பெண்கள் வந்து போர்டின் மறுமுனையைப் பிடித்தார்கள். செருப்பு விடுகிற இடத்தில், செருப்புகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, ஒரு மேஜை போட்டு வைத்தோம்.

எதிரே உட்கார்ந்தவர் போபோடியிலிருந்து வந்த வங்கிக்காரர். துளி இரக்கம் காட்டவில்லை மனுஷன். சிவப்புக் காயையும் அவரே போட்டார். முதல் சுற்றிலேயே என் மகள் தோற்றாள். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.

“அம்மா, அவர் நிஜமாவே ஆடினார்!” என்றாள். கண் கலங்கியிருந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

சாயங்காலம் வழக்கம்போல மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் சரிவுப் பலகைப் பக்கமே போகவில்லை. கீழிருந்தபடியே உரக்கச் சொன்னாள்:

“நான் தோத்துட்டேன் அங்கிள். ஜெயிச்சவங்களுக்குக் குடுங்க.”

இந்த முறை யாரும் கைதட்டவில்லை.