பல்பு ஆறும் வரை

இடிபட்டு வரும் காரின் கதவை நிமிர்த்துவது பட்டறையில் மற்றவர்கள் வேலை. நிமிர்த்திய கதவு பழைய கதவு போலவே தெரியும்படி பெயிண்ட் கலந்து கொடுப்பது கலர்க்காரர் வேலை. கம்ப்யூட்டர் ஒரு கணக்குச் சொல்லும். அவர் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். பிறகு ஒரு சொட்டு நீலம், ஒரு துளி கறுப்பு என்று தன் இஷ்டத்துக்கு விட்டு, தகரத்துண்டில் அடித்து, வெயிலில் பிடித்துப் பார்ப்பார். அச்சு அசலாக இருக்கும். வெள்ளையிலேயே பதினெட்டு விதம் உண்டு என்பார். கேட்க ஆள் கிடைத்தால் பதினெட்டையும் விளக்குவார் என்பதால் யாரும் கேட்பதில்லை.

அப்பேர்ப்பட்ட கண்ணை அவர் வீட்டில் ஒரு தொட்டிக்காகச் செலவு செய்தார். மீன் தொட்டி என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுருங்கிப் போகும். அது உப்புத் தண்ணீரில் உயிருள்ள பவளம் வளர்க்கும் தொட்டி. கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. பவளத்துக்கு வெளிச்சம்தான் சோறு. அதனால் தொட்டிக்கு மேலே விளையாட்டு மைதானத்தில் போடுவது போன்ற மெட்டல் ஹாலைடு விளக்கு ஒன்று தொங்கியது. அது எரியும்போது கூடத்தில் வேறு விளக்குப் போடக்கூடாது, தொட்டியின் அழகு கெட்டுவிடும் என்பது அவர் போட்ட சட்டம். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுத்துக் களைத்து வரும் மனைவியும் அந்தச் சட்டத்துக்கு அடங்கித்தான் நடந்தாள்.

இந்தப் பல்புகளின் பெட்டியில் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் ஒரு எண் போட்டிருப்பார்கள். பத்தாயிரம் என்றால் பளிச்சென்ற வெள்ளை, பதினாலாயிரம் என்றால் அதில் கொஞ்சம் நீலம், இருபதாயிரம் என்றால் ஒரே நீலம். கலர்க்காரர் பத்தில் ஆரம்பித்தவர். சில வருஷம் போனதும் வெளிச்சம் மஞ்சளடிக்கிறது என்று பதினாலுக்குப் போனார். அதுவும் மஞ்சளடிக்கிறது என்று இருபதுக்குப் போனார். பல்பு கம்பெனிக்காரர்கள் எல்லாரையும் திட்டித் தீர்த்தார்.

இருபதுக்கு வந்த பிறகு, முட்டைக்கோஸ் போல விரிந்திருந்த பச்சைப் பவளம் ஒன்று பழுப்பாகிச் சுருங்க ஆரம்பித்தது. வளர்ப்பு மீன் கடைக்காரர் வந்து பார்த்தார்.

"அண்ணே, இந்தப் பல்புல அழகு இருக்கு, சத்து இல்ல. பத்தும் பதினாலும் தர்றேன். ரெண்டையும் போட்டுப் பாருங்க. பிடிச்சதை வெச்சுக்கிட்டு மத்ததைத் திருப்பிக் கொடுங்க."

அந்த மனுஷன் அவ்வளவு நல்லவர்.

ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பது லேசில்லை. இருப்பது ஒரே விளக்கு. சூடான பல்பைக் கழற்ற முடியாது, ஹோல்டரும் சோக்கும் ஆறாமல் அடுத்தது சரியாகப் பற்றாது. கால் மணி நேரமாவது இருட்டில் காத்திருக்க வேண்டும். முதல் பல்பு காட்டிய நிறத்தை அதுவரை கண்ணிலேயே பத்திரப்படுத்தி வைக்க வேண்டும்.

"சாதாரண ஆளால முடியாது," என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார் கலர்க்காரர்.

ஏணியில் ஏறிப் பல்பு மாட்டுவது மனைவி, நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது இவர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். விரல் படாமல் துணியால் பிடித்து, கண்ணாடி மூடியைத் திரும்பப் பொருத்தி, அவள் முதலில் பத்தாயிரத்தை மாட்டினாள்.

"டீத்தூள் தண்ணி மாதிரி இருக்கு," என்றார் அவர்.

மனைவி தொட்டியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். உச்சி வெயில் வீட்டுக்குள் வந்தது போல இருந்தது. "என்னங்க இது, பளிச்சுனு வெள்ளையா இருக்கே!"

"வெள்ளையைப் பத்தி எங்கிட்டயே பேசறியா?"

அவள் விளக்கை அணைத்து, இருட்டில் காத்திருந்து, பதினாலாயிரத்தை மாட்டினாள்.

"இதுவும் மஞ்சள்தான். கழட்டு. நம்ம பழைய இருபதையே போடு."

அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. அணைத்தாள், காத்திருந்தாள், ஏணியில் ஏறினாள். மூடியைக் கழற்றுவது போல் சத்தம் செய்து, எதையும் தொடாமல் இறங்கி வந்து சுவிட்சைப் போட்டாள்.

வெளிச்சம் மெல்ல ஏறி நின்றது. கலர்க்காரர் தொடையில் தட்டினார். "பாத்தியா! இதுக்குப் பேருதான் வெளிச்சம்!"

"அது பதினாலுங்க," என்றாள் அவள். "இப்பத்தானே மஞ்சள்னீங்க. நான் மாத்தவே இல்ல."

முதலில் கோபம் வந்தது அவருக்கு. என்னையே சோதிக்கிறாயா என்று குதித்தார். அவள் விளக்கை அணைத்துவிட்டாள். இருட்டில் குதிப்பதைப் பார்க்க ஆளில்லை, அதனால் கொஞ்ச நேரத்தில் அடங்கினார். பல்பு ஆறிக்கொண்டிருந்தது. அந்த இருட்டில்தான், வெளிச்சத்தில் தன் குறையைப் பற்றி ஒருநாளும் வாயைத் திறந்திருக்க மாட்டாத மனுஷன் பேசினார்.

"ரெண்டு கார் திரும்பி வந்துச்சு. ரெண்டும் வெள்ளைக் கார். கதவு நீலமடிக்குதுன்னாங்க. பெயிண்ட் டப்பால கோளாறுன்னு சொல்லிச் சமாளிச்சிட்டேன்."

"எப்ப?"

"போன மாசம் ஒண்ணு, இந்த மாசம் ஒண்ணு. இந்தக் கண்ணைத் தவிர எங்கிட்ட வேற என்னம்மா இருக்கு? இது போச்சுன்னா என்னை எவன் கூப்பிடுவான்?"

அவள் தடவிக்கொண்டே வந்து அவர் கையைப் பிடித்தாள். "போச்சுன்னு யாரு சொன்னா? நாளைக்கு நான் லீவு போடறேன். முதல்ல டாக்டர்கிட்ட போவோம்."

இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. பழுத்துப்போன மஞ்சள் கண்ணாடி வழியாகத்தான் இத்தனை வருஷம் உலகத்தைப் பார்த்திருக்கிறீர்கள் என்றார் டாக்டர். ஒவ்வொரு கண்ணாக ஆபரேஷன் செய்யலாம், முக்கால்வாசிப் பேருக்கு நன்றாகவே வருகிறது என்றார். அந்த முக்கால்வாசி கலர்க்காரரைத் தூங்கவிடவில்லை.

பட்டறை முதலாளியிடம் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். "டப்பா மேல பழியைப் போட்டப்பவே நெனச்சேன். முடிச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் கம்ப்யூட்டர் சொல்றதைக் கேட்டுத் தொலைக்கிறோம்," என்றார் முதலாளி. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தத் 'தொலைக்கிறோமை' நினைத்து நினைத்துக் கண் கலங்கினார் கலர்க்காரர்.

தொட்டியில் பழைய இருபதாயிரமே எரியட்டும், என் கண்ணால் பார்த்துத்தான் மாற்றுவேன் என்று அவர் அடம்பிடித்ததால், கடைக்காரரும் பல்புகளைத் திருப்பிக் கேட்கவில்லை. முதல் ஆபரேஷன் வலது கண்ணுக்கு. கட்டுப் பிரித்ததும் நேராக வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வலது கண்ணைப் பொத்தி இடது கண்ணால் பார்த்தார். தொட்டி எப்போதும் போல வெள்ளையாக, அழகாக இருந்தது. இடதைப் பொத்தி வலதால் பார்த்தார்.

தூக்கிவாரிப் போட்டது. தொட்டி, சுவர், தரை, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் முகம், கை எல்லாம் நீலம். பேனா மையைக் கரைத்துக் கூடம் முழுக்க ஊற்றியது போன்ற நீலம்.

"இந்த வீடு இப்படியா இருந்துச்சு?"

"எப்படி?"

"இவ்வளவு நீலமா?"

"ஆமா."

"எனக்கு வெள்ளையாத்தாம்மா தெரிஞ்சுச்சு."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். "எனக்கென்ன தெரியும்? உங்களுக்கு நீலம்னா உசுருன்னு நெனச்சேன். நாள் பூரா அடுத்தவன் கார் கலரைப் பாத்துட்டு வர்ற மனுஷன், வீட்லயாவது பிடிச்ச கலர்ல உக்காரட்டுமேன்னு இருந்துட்டேன்."

கலர்க்காரருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. கண்ணைக் கசக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கன்னத்தில் வழிய விட்டார். ஊருக்கெல்லாம் நிறம் பார்த்துச் சொன்னவர், இவளுக்கு எந்த வெளிச்சம் வேண்டும் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போது கேட்டார்.

"வெள்ளைதான். பத்து," என்றாள் அவள், யோசிக்கவே இல்லை.

விளக்கை அணைத்துக் கால் மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "நீ இல்லன்னா நான் என்னம்மா ஆகியிருப்பேன்," என்றார் அவர். "கார் காரா நீலம் அடிச்சிருப்பீங்க," என்றாள் அவள். பிறகு அவள் ஏறினாள், அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். பவளம் திடீர் வெளிச்சத்தில் கருகிவிடாமல் இருக்கத் தொட்டியின் மேல் வலை ஒன்றைப் போர்த்தினார்கள். அது பிழைக்குமா என்பது போகப் போகத்தான் தெரியும்.

பல்பு மெல்லச் சூடேறி வெள்ளைக்கு வந்தது. மனைவி உள்ளே போய் அன்றைய பேப்பரை எடுத்து வந்து, தொட்டிக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். அந்தக் கூடத்தில் அவள் உட்கார்ந்து படித்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.