பீரங்கி மேடையில் ஒரே ஆள்

அம்மையப்பன் இளையான்குடிப் பக்கத்துக் கொத்தனார். வயது நாற்பத்தாறு. ஓமானின் வடகோடியில், கசப் துறைமுகத்திலிருந்து படகில் முக்கால் மணி நேரம் போனால் ஒரு மொட்டைப் பாறைத் தீவு வரும். மஸ்கட்டில் அவர் வேலை பார்த்த கட்டடக் கம்பெனி அவரை இன்னும் ஐந்து பேரோடு அங்கே அனுப்பியது. விக்டோரியா ராணி காலத்தில் வெள்ளைக்காரர்கள் அங்கே ஒரு சிறு கோட்டை கட்டியிருந்தார்கள். கப்பல் வழியைப் பார்த்தபடி அரைவட்டமாக ஒரு பீரங்கி மேடை, தடித்த சுவருள்ள வெடிமருந்து அறை, மழைத்தண்ணீர் பிடிக்க ஒரு தொட்டி. பீரங்கி இப்போது இல்லை. சுவரில் பாதி சரிந்து கிடந்தது. அதைச் சுண்ணாம்புக் காரை வைத்துப் பழையபடி எடுத்துக் கட்ட வேண்டும்.

இரண்டு மாதம் வேலை ஓடியது. பிறகு ஏதோ அனுமதி வரவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். மற்ற ஐந்து பேரும் மஸ்கட் பக்கம் ரூவியில் வேறு சைட்டுக்குப் போனார்கள். காரை கலக்கும் மிக்சரும் சாரக்குழாய்களும் தீவிலேயே கிடந்ததால் காவலுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ஃபோர்மேன் ஹஸ்னைன் பாகிஸ்தானின் முல்தான்காரர். குடிக்காதவர், சண்டை போடாதவர் என்று அம்மையப்பனைக் கை காட்டினார்.

"தஸ் தின், பாய். பத்தே நாள்."

அந்தப் பத்து நாள் ஏழு மாதமானது.

வியாழக்கிழமைதோறும் படகு வரும். தண்ணீர் கேன், அரிசி, காய்கறி, எப்போதாவது கேஸ். படகுக்காரர் அரபி மட்டுமே பேசுவார். சாமானை இறக்கியதும் கிளம்பிவிடுவார். பீரங்கி மேடையின் ஒரு முனையில் நின்றால்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று மனைவி சரசுவிடம் பேசுவார். "சாப்டீகளா?" என்பாள். "சாப்டேன்" என்பார். ஊர்க்கதை கொஞ்சம் சொல்வாள். அவர் பக்கத்தில் சொல்வதற்கு எதுவும் நடந்திருக்காது. இருவரும் சற்று நேரம் காற்றின் இரைச்சலைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள்.

யாரும் கேட்காமலே வெடிமருந்து அறையில் நிறைந்திருந்த மணலை அள்ளி வெளியே போட ஆரம்பித்தார். உடைந்த புட்டிகள் வந்தன. பச்சை பிடித்த பித்தளைப் பொத்தான்கள் மூன்று கிடைத்தன. கழுவிக் காயவைத்து ஒரு டப்பாவில் போட்டார். ஒரு வியாழனன்று படகுக்காரரைக் கூப்பிட வாயைத் திறந்தபோது குரல் வரவில்லை. தொண்டையைச் செருமி இரண்டாம் தடவை கூப்பிட்டார். முந்தைய நான்கு நாளாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஏழாவது மாதம் ஒரு வியாழனன்று படகில் ஒரு பெண் வந்து இறங்கினாள். பெயர் ஆபிதா. கீழக்கரைக்காரி. மஸ்கட்டில் இருந்துகொண்டு பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடுகிறவள். தமிழ் என்று தெரிந்ததும் அம்மையப்பன் அவள் பின்னாலேயே அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மதியம் தொட்டியின் நிழலில் அவர் வடித்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, மடியில் பழைய ஆவணங்களின் நகல் தாள்கள் சிலவற்றை விரித்தாள்.

"இது கட்டி அஞ்சு வருஷம்கூட ஓடலண்ணே. ஒரு ஆபீசர், இருவது சிப்பாய். வெயிலு, காய்ச்சல். நாலு பேர் மவுத்தாயிட்டாங்க. அந்தா மேக்கால இருக்குல்ல, அந்தக் கல்லறைக் கல்லுங்க அவங்களுக்குத்தான். போதும்னு விட்டுட்டுப் போயிட்டாங்க."

"எல்லாருமா?"

அவள் ஒரு தாளைத் திருப்பினாள். "சாமானப் பாத்துக்க ஒருத்தர மட்டும் நிறுத்தியிருக்காங்க. மெட்ராஸ் லஸ்கர்னு போட்டிருக்கு. கப்பல்ல கூலிக்கு வந்த ஆளு. பேரு எழுதல."

"அப்புறம்?"

"அடுத்த கப்பல்ல கூட்டிட்டு வரணும்னு குறிப்பு இருக்கு."

"கூட்டிட்டுப் போனாங்களா?"

"தெரியலண்ணே. அதுக்கப்புறம் இந்தக் கோட்டையப் பத்தி ஒரு வரிகூட இல்ல."

பொத்தான் டப்பாவை அவளிடம் கொடுத்தார். அவளுக்காக அன்று காத்திருந்த படகு போகும்வரை கரையில் நின்றார்.

அந்த வாரம் முழுக்க மேற்குப் பக்கத்துக் கற்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான்குதான் இருந்தன. ஐந்தாவதாக ஒன்று இருக்குமோ என்று தீவின் ஓரம்வரை தேடினார். இல்லை. அது நிம்மதியா பயமா என்று அவருக்கே பிடிபடவில்லை. புதைக்க யாராவது கூட இருந்திருந்தால்தானே ஐந்தாவது கல் இருக்கும் என்று தோன்றியதும் தேடுவதை நிறுத்தினார்.

அடுத்த வியாழனன்று மிக்சர்மேல் தார்ப்பாயைக் கட்டினார். சாமான் அறையைப் பூட்டி, பையைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறி உட்கார்ந்தார். படகுக்காரர் கேள்வியாகப் பார்த்தார். "கலாஸ்" என்றார் அம்மையப்பன், முடிந்தது என்று அரபியில்.

கசபில் இறங்கி ஹஸ்னைனுக்குப் போன் செய்தார்.

"ஆர்டர் இல்லாம எப்படி வந்தே? கம்பெனிய விட்டு ஓடிட்டான்னு போலீசுல எழுதிக் குடுத்துடுவாங்க, பாய்," என்றார் அவர் இந்தியில்.

"எழுதட்டும். நான் நேரா ஆபீசுக்குத்தான் வரேன். ஓடுறவன் ஆபீசுக்கா வருவான்?" அவருக்குத் தெரிந்த இந்தியிலேயே சொன்னார் அம்மையப்பன். "தஸ் தின்னு சொன்னீங்க, ஹஸ்னைன் பாய்."

அந்தப் பக்கமிருந்து "அச்சா, வா" என்று மட்டும் கேட்டது.

ஃபெர்ரியில் மஸ்கட் வந்து சேர்ந்தார். ஆபீசில் சைட் இன்ஜினியர் கத்தித் தீர்த்தார். விசாவைக் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்றார். அம்மையப்பன் தலையைக் குனியாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "இனி யார அனுப்புனாலும் ரெண்டு பேரா அனுப்புங்க சார்." ஹஸ்னைன் அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். கேன்சல் நடக்கவில்லை. அடுத்த வாரம் தீவுக்கு இரண்டு பீகார்காரர்கள் போனார்கள்.

அம்மையப்பனை ரூவி சைட்டில் போட்டார்கள். கேம்ப் அறையில் எட்டுப் பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாராவது வேடிக்கையாகச் சொன்னால் மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் அறை கலகலப்பாக இருக்கும்போது அவர் போனோடு வெளிப்படிக்கட்டில் போய் உட்கார்ந்தார்.

"அதான் சுத்தி ஆளுக இருக்காகள்ல," என்றாள் சரசு. "இன்னும் ஏன் பேசவே மாட்டேங்கிறீக?"

"பேசணும்," என்றார். "கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும்."