இரண்டாவது சத்தம்

சிவகாசியில் நான் காலண்டர் டிசைன்களை மெயிலில் அனுப்புவதற்காகப் போகும் பிரவுசிங் சென்டரை நடத்தியவர் அவர். ஒல்லியான உடம்பு, காதோரம் நரை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். எங்காவது வெடிச் சத்தம் கேட்டால் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுவார். இரண்டாவது சத்தம் வருகிறதா என்று காத்திருந்து, வராவிட்டால்தான் மறுபடி தட்டுவார்.

பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதி, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கும் ஒரு சர்வர் மென்பொருளுக்கு அவரும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் அதில் என்னென்ன செய்யலாம் என்று அவர்கள் மெயிலில் பேசிக்கொண்டிருந்த சமயம் அது.

"எல்லாரும் வேகம் வேணுங்காக தம்பி. நான் மட்டும், ஒரு பகுதி விழுந்தா பக்கத்துப் பகுதி விழக்கூடாதுன்னு கேட்டேன். ஒரு ரூம் வெடிச்சா அடுத்த ரூம் தப்பிக்கட்டும்னு நம்ம பட்டாசு கம்பெனில தள்ளித் தள்ளிக் கட்டிருக்காகள்ல, அது மாதிரி. எதுக்கு இம்புட்டு எடத்தை வீணாக்கணும்னு கேக்காக."

"என்ன பதில் போட்டீக அண்ணே?"

"எங்க வீட்டுக்காரி அடுத்த ரூம்லதான் உக்காந்திருக்கான்னு போட்டேன்."

"ஒத்துக்கிட்டாகளா?"

வாசலில் பட்டாசு கம்பெனி வேன் வந்து நின்றது. அவர் எழுந்து போய், கையெல்லாம் வெள்ளி நிற வெடிமருந்து ஒட்டியபடி இறங்கிய மனைவியிடமிருந்து தூக்குவாளியை வாங்கிக்கொண்டார்.

ஒத்துக்கொண்டார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் எங்கள் அச்சகத்து சர்வரில் ஏதோ ஒன்று படுத்துவிட, மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் நாட்களில், அந்த அம்மா வேனிலிருந்து இறங்குவதுதான் என் கண்ணுக்குத் தெரிகிறது.